ஹாலில் மூன்று வருஷம்

ஜெயசீலியின் தொண்டையைப் பற்றி ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தெரியாதவர்கள் குறைவு. நூற்றிருபது தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருக்கும் ஷெட்டில், இந்தக் கோடியில் நின்றபடி அந்தக் கோடிப் பெண்ணிடம் "நூலு தளர்ந்து போச்சு பாரு" என்று சொல்வாள். அவளுக்கு மட்டுமல்ல, நடுவில் இருக்கும் நூற்றுப் பத்தொன்பது பேருக்கும் கேட்கும். அவர்களும் ஒருமுறை தங்கள் நூலைப் பார்த்துக்கொள்வார்கள். பதினெட்டு வருஷ சர்வீஸ், அதில் பத்து வருஷம் லைன் சூப்பர்வைசர். மேனேஜரிடம் பேசுவதென்றாலும் வாசலில் நின்று தயங்குகிற பேச்சே கிடையாது.

அப்பேர்ப்பட்டவளுக்கு மூன்று வருஷமாக ஒரு வாக்கியம் மட்டும் வாயில் வரவில்லை. அதைக் கேட்க வேண்டிய ஆளும் சீமையில் இல்லை. படுக்கையறைக் கதவிலிருந்து ஒன்பதடி தள்ளி, ஹாலில் டிவிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தான். கட்டின புருஷன் ரிச்சர்ட்.

பொங்கல் லீவு முடிந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரிச்சர்ட் பேச்சை எடுத்தான்.

"எத்தியோப்பியால ஒரு தோல் ஷாப்புல ஆள் கேக்குறாங்களாம். ஃபினிஷிங் டெக்னீஷியன். ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட்டு. நம்ம முக்தார் அகமது பாய்தான் ஆள் எடுக்குறாரு."

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்தில் தோல் ஷாப்பு என்றால் தோல் பதனிடும் கம்பெனி; அந்த ஆட்கள் எத்தியோப்பியாவுக்கும் வியட்நாமுக்கும் போவதும் வருவதும் புதிதில்லை. ஜெயசீலி குழம்பை ஊற்றியபடியே கேட்டாள்.

"போறீங்களா?"

"போலாம்னு பாக்குறேன். ஆறு வாரம் டைம் குடுத்திருக்காரு. பாப்பாவும் ஹாஸ்டல்ல இருக்குது. இங்க நான் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? உனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியப் போறதில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஒரு சத்தம் போட்டுத் தீர்த்திருப்பாள். அவன் மீனிலிருந்து முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னான்.  இவன் போய்விடுவான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் சொன்னதில் பொய்யில்லையே என்பதுதான் அவளைக் குத்தியது.

எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாசத்தில் பதினைந்து நாள் உதிரப்போக்கு, ரத்தம் ஏழுக்கு இறங்கிவிட்டது. கடைசியில் வேலூரில் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், ரிச்சர்டின் அக்கா சாராள் வாணியம்பாடியிலிருந்து மூன்று வாரத்துக்குத் துணிமணியோடு வந்து இறங்கினாள். ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். அன்பிலும் குறைச்சல் இல்லை, அதிகாரத்திலும் குறைச்சல் இல்லை. வந்த அன்றே தம்பியின் தலையணையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"ரிச்சர்டு, நீ இனிமே ஹால்ல படு. அவ பச்ச உடம்பு."

தம்பி படுத்தான். மூன்று வாரம் கழித்து அக்கா ஊருக்குப் போனாள். போகிறபோது ஊறுகாய் பாட்டிலைப் பற்றிச் சொன்னாள், கேஸ் சிலிண்டரைப் பற்றிச் சொன்னாள், தலையணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைப்பேறு என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ நல்ல நாள் பார்த்துப் போய் அழைத்து வருகிறார்கள். அழைத்து வந்த அன்றே எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிடும், யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பையை எடுத்தவளுக்கு அப்படி ஒரு நாளை நம் ஆட்கள் குறித்து வைக்கவில்லை. டாக்டர் ஆறு வாரம் என்று சீட்டில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டு ஃபைலுக்குள் போனது, ஃபைல் பீரோவுக்குள் போனது, ரிச்சர்ட் ஹாலிலேயே இருந்தான்.

அவன் வரவில்லை என்று அவள் ஏங்கியிருந்தால் கதை வேறு. ஏங்கவில்லை, அதுதான் விஷயம். ஆசை என்ற ஒன்று அவளிடமிருந்து சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தது. இருந்த காலம் ஒன்று உண்டு, அதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகள் ஃபீபியை சண்டே கிளாசில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு நடந்து வந்த நாட்கள் அவை. சண்டே கிளாஸ் வாத்தியார் அரை மணி கூடுதலாகக் கதை சொன்னால் புருஷன் பெண்டாட்டி இருவருமே மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். இப்போது டிவியில் கதாநாயகனும் கதாநாயகியும் கட்டிப்பிடித்தால், கதாநாயகியின் செருப்பில் தையல் கோணலாக இருப்பதுதான் ஜெயசீலியின் கண்ணுக்குத் தெரிகிறது.

கர்ப்பப்பை போனால் அதுவும் போய்விடும் போல என்று நினைத்துக்கொண்டாள். வயசும் ஆச்சு என்று சேர்த்துக்கொண்டாள். எத்தியோப்பியா என்ற பெயர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்வரை அந்த விளக்கம் அவளுக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.

இப்போது போதவில்லை. அவன் போகக் கூடாது, அதில் அவளுக்கு இரண்டாம் யோசனையே இல்லை. ஆனால் எதைச் சொல்லி நிறுத்துவது? "வாங்க, உள்ள படுங்க" என்று கூப்பிட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கலாம். ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஜெயசீலிக்கு அது ஆகாது. ரிஜெக்ட் ஆக வேண்டிய ஜோடியை பாஸ் போட்டு அனுப்பும் பழக்கம் அவளுக்கு இல்லை. அனுப்பினாலும் இவன் கண்டுபிடித்துவிடுவான். ரிச்சர்டின் வேலையே நிறம் பார்ப்பது. சாயம் ஏறிய தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பழுப்பிலேயே நாற்பது பழுப்பைப் பிரித்துச் சொல்பவனிடம் போலி ஆசை எத்தனை நாளைக்குச் செல்லும்?

ஆகவே ஆசை நிஜமாகவே வர வேண்டும். ஆறு வாரத்தில். பதினெட்டு வருஷமாக டார்கெட்டோடு வாழ்கிறவள், இதற்கும் இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

முதலில் மஹ்பூபியிடம் சொன்னாள். அவளுடைய லைனில் செக்கிங் வேலை பார்ப்பவள், பதினைந்து வருஷத் தோஸ்த். சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைக் கேட்டதும் மஹ்பூபி சிரிக்கவில்லை, வாயைப் பொத்தவில்லை.

"இதுக்கா இவ்ளோ பேஜாரா இருக்கே? வாணியம்பாடில எங்க ஹக்கீம் ஒரு லேகியம் தர்றாரு. பாதாம், குங்குமப்பூ எல்லாம் போட்டது. பத்தே நாளு."

பத்து நாள் ஜெயசீலி லேகியத்தை விரலால் வழித்துத் தின்றாள். பலன் இல்லாமல் போகவில்லை. அகோரமாகப் பசித்தது. மதியம் இரண்டு பிளேட் பிரியாணி இறங்கியது. ரிச்சர்டைப் பார்த்தால் மட்டும் முன்பு போலவே, ஸ்டேஷனில் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"அப்ப டாக்டர்கிட்ட போ," என்றாள் மஹ்பூபி, லேகியத்தைக் கொடுத்தது தான்தான் என்ற ஞாபகமே இல்லாதவள் போல. "எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை. வேலூருக்கு பஸ் ஏறினாள். டாக்டர் பெயர் ஷர்மிளா. முப்பத்தைந்து வயசுதான் இருக்கும். வெளியே காத்திருக்கும்போது எப்படிச் சொல்வது என்று ஜெயசீலி நாலைந்து விதமாகப் பழகிப் பார்த்தாள். உள்ளே போனதும் அத்தனையும் மறந்து, லைனில் பேசுகிற மாதிரி வந்துவிட்டது.

"மேடம், எனக்கு என் வீட்டுக்காரர் மேல ஆசையே வர்றதில்ல. வர வைக்கணும். இன்னா பண்ணணும் சொல்லுங்க."

கதவுக்கு வெளியே டோக்கன் கூப்பிடுகிற நர்ஸ் ஒரு கணம் நிறுத்தியது போலிருந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

"இவ்ளோ தெளிவா யாரும் கேட்டதில்லம்மா. உக்காருங்க. எப்போலேருந்து?"

"கர்ப்பப்பைய எடுத்ததுலேருந்து. எடுத்தா போயிடும்தானே?"

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

ஜெயசீலி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஒரு முகமும் வரவில்லை.

"யாரும் சொல்லல மேடம். நானேதான் நெனச்சுக்கினேன்."

டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டினாள், பரிசோதித்தாள், ரத்தம் எடுக்கச் சொன்னாள். முட்டைப்பை இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன, எடுத்தது கர்ப்பப்பை மட்டும் என்றாள். ரத்தம் இன்னும் கம்மி. தூக்கம் ஐந்து மணி நேரம், அது அதைவிடக் கம்மி. உள்ளே கொஞ்சம் வறட்சி இருக்கிறது, அதற்கு ஒரு கிரீம் இருக்கிறது, வலிக்குமோ என்ற பயத்தில் உடம்பு முன்கூட்டியே கதவைச் சாத்திக்கொள்ளும், கிரீமைப் போட்டால் அந்தப் பயம் பாதி போகும். ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னொண்ணு. ஆசை முதல்ல வரணும், அப்புறம்தான் பக்கத்துல போகணும்னு காத்திருக்காதீங்க. நெறைய பேருக்கு அது தலைகீழா. பக்கத்துல உக்காந்து, கையைப் புடிச்சு, தொட்டு, அதுக்கப்புறம்தான் ஆசை மெதுவா எழுந்து வரும். முதல்ல கை மட்டும் போதும். இருபது நிமிஷம். வேற ஒண்ணும் வேணாம், வேணும்னு எதிர்பாக்கவும் வேணாம்."

"அவரு ஹால்ல படுக்குறாரு மேடம்."

"பேசினீங்களா அவர்கிட்ட?"

"இல்ல."

"அதுக்கு நான் மாத்திரை எழுத முடியாதே," என்று டாக்டர் சிரித்தாள்.

மற்றதையெல்லாம் ஜெயசீலி ஒழுங்காகச் செய்தாள். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு நாள் விடவில்லை. இரவு சீரியலை நிறுத்திவிட்டு ஒன்பதரைக்குக் கட்டையைச் சாய்த்தாள். சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். "இன்னாக்கா, வண்டி ஓசிதானே?" என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். நாலாவது வாரம், அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது கழுத்தில் காற்று பட்டது. நன்றாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் தன் உடம்புக்கு ஏதோ ஒன்று நன்றாக இருக்கிறது என்று அவள் கவனித்தது மூன்று வருஷத்தில் அன்றுதான். அவளுக்குத் தைரியம் வந்தது.

தைரியம் வந்ததே தவிர வாக்கியம் வரவில்லை. ஜாடையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று, மெத்தைக்கு ரோஜாப்பூ போட்ட புது விரிப்பு வாங்கி விரித்தாள். இரண்டு தலையணை. இரண்டுக்கும் புது உறை. ரிச்சர்ட் சட்டை எடுக்க உள்ளே வந்தவன் கட்டிலைப் பார்த்து நின்றான்.

"யாரு வர்றாங்க? அக்காவா?"

"யாரும் வரல."

"அப்ப எதுக்குப் புதுசு? அழுக்காயிடும், மடிச்சு வையி."

அவனே மடித்தும் வைத்தான். மூலைக்கு மூலை சேர்த்து, சுருக்கம் இல்லாமல். ஜெயசீலிக்கு அவன் தலையில் அந்தத் தலையணையாலேயே ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

கடைசி வாரம் வந்தது. திங்கட்கிழமை முக்தார் பாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் டிவி மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. சனிக்கிழமை கம்பெனியில் ஸ்டாக் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, ஸ்டோருக்குப் பின்னால் துணி போட்டு மூடிய ஒரு டிராலி ஜெயசீலியின் கண்ணில் பட்டது. துணியை எடுத்தாள். தைத்து முடித்த பெண்கள் ஷூவின் மேல்பாகங்கள், இருநூறு ஜோடி. மேலே சிவப்புச் சீட்டு தொங்கியது: 'நிறுத்தி வைக்கவும்'. கையெழுத்து அன்பரசன். தேதி போன வருஷம் ஜூன்.

கம்பெனியில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஏதாவது சந்தேகம் என்றால் தரம் பார்க்கிறவன் சிவப்புச் சீட்டு போட்டு நிறுத்துவான். சீட்டைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அன்பரசன் போன ஜூலையிலேயே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ஜெயசீலி ஆபீஸ் போனிலிருந்து அவனைப் பிடித்தாள்.

"அந்த லாட்டா மேடம்?" அன்பரசன் யோசித்தான். "லைனிங் ஒட்டல்ல டவுட்டு இருந்துச்சு. மறுநாளே செக் பண்ணிட்டேன், ஒண்ணும் இல்ல, நல்ல பீஸு. சீட்டை எடுக்க மறந்துட்டேன். ஏன், இன்னுமா இருக்குது? யாரும் கேக்கலியா?"

யாரும் கேட்கவில்லை. எட்டு மாசமாக நூற்றுக்கணக்கான பேர் அந்த டிராலியைச் சுற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள், அவளும்தான். எல்லோரும் சட்டத்தை மதித்தார்கள். ஒரு ஜோடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் நேர், ஒட்டல் கெட்டி, ஒரு குறையும் கிடையாது. ஜெயசீலிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியபோது கையிலிருந்த ஜோடியை டிராலியில் திரும்ப வைத்தாள். வாணியம்பாடியில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் தம்பியின் கையில் தலையணையைக் கொடுத்துவிட்டு மறந்து போனாள். இங்கே இரண்டு பேர் மூன்று வருஷம் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து கிடந்திருக்கிறோம் என்று, ஸ்டோருக்குப் பின்னால் நின்றபடி அவளுக்கு அப்பட்டமாகப் புரிந்தது. சீட்டைப் பிய்த்துக் கசக்கிப் போட்டுவிட்டு, டிராலியை லைனுக்குத் தள்ளச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்தது. மதியம் இரண்டு மணி. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ரிச்சர்ட் பனியனோடு தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஜெயசீலி ஃபேனை ஒன்று குறைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் ஆரம்பிக்க நினைத்தாள். அவளுக்கு அந்தப் பேச்சில் மெதுவான குரல் என்று ஒன்று கைவசம் இல்லை.

"உங்கள ஹால்ல படுக்கச் சொன்னது யாரு?"

பக்கத்து வீட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. ரிச்சர்ட் பேப்பரை இறக்கினான்.

"மெதுவா பேசு. இன்னா திடீர்னு?"

"யாருன்னு சொல்லுங்க."

"அக்கா."

"எத்தனை நாளைக்கு?"

ரிச்சர்ட் பேப்பரில் தேதியைப் பார்த்தான்.

"டாக்டர் எழுதினது ஆறு வாரம்," என்றாள் ஜெயசீலி. "மூணு வருஷமா இங்க இன்னா பண்றீங்க?"

"நீ கூப்பிடல."

"நீங்க கேக்கல."

"யாருகிட்ட கேக்குறது? அக்காவுக்கு போன் போட்டு, 'அக்கா, நான் உள்ள படுத்துக்கலாமா'ன்னு கேக்கச் சொல்றியா?"

அதை அவன் முகத்தை நீட்டிக்கொண்டு சொன்ன விதத்தில் ஜெயசீலிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனும் சிரித்துவிட்டான். சிரித்து முடிந்ததும் அவன் பேப்பரை மடிக்க ஆரம்பித்தான். நாலாக மடித்தான், எட்டாக மடித்தான்.

"ஒரு வாட்டி வந்தேன்," என்றான். "ஆபரேஷன் ஆகி நாலு மாசம் இருக்கும். கதவுகிட்ட நின்னு 'ஜெயா'ன்னு கூப்பிட்டேன். நீ செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துட்ட. சரின்னு வந்துட்டேன்."

ஜெயசீலிக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அந்த மாசங்களில் வேலைக்குப் போய் வந்து விழுந்தால் வீடு இடிந்தாலும் எழ மாட்டாள்.

"நான் தூங்கினு இருந்திருப்பேங்க," என்றாள். அவளுடைய குரல் முதல் முறையாக இறங்கியது. "சத்தியமா எனக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"உனக்கு வலிக்குமோன்னு பயம். அப்புறம் உனக்குப் புடிக்கலன்னு நெனச்சுக்கினேன். அதோட எனக்கும் விட்டுப் போச்சு." அவன் பாஸ்போர்ட் இருந்த பக்கம் பார்க்காமல் பேசினான். "இப்போ... உனக்கு வேணும்னு இருக்குதா?"

பொய் சொல்லச் சுலபமான இடம் அதுதான். ஒரே ஒரு ஆமாம் போதும்.

"இல்ல," என்றாள். "ஆனா வரணும்னு ரொம்ப இருக்குது. அதுக்குத்தான் ஒரு மாசமா மாத்திரை முழுங்குறேன், தூங்குறேன், நடக்குறேன். வேலூர் போய் டாக்டரம்மாகிட்ட கூச்சமில்லாம கேட்டுனு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமா உடம்பு திரும்புது, எனக்கே தெரியுது. வரும்னு கேரண்டி எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா நீங்க அங்க போய்ட்டா அது யாருக்காக வரணும்? நீங்க இல்லன்னா எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னீங்களே, அது தப்பு. எனக்கு நீங்க வேணும். போகாதீங்க."

சொல்லியாகிவிட்டது. மூன்று வருஷம் வராத வாக்கியம் வந்தேவிட்டது, கூரை ஒன்றும் இடியவில்லை.  முக்தார் பாய்க்கு நாளைக்குத்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் ரிச்சர்ட் முணுமுணுத்தான். அவள் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவன் வெட்கப்பட்டான். நாற்பத்தேழு வயசு ஆணின் காது மடல் சிவப்பதை அவள் வெகு நாளைக்குப் பிறகு பார்த்தாள்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்து இருபது நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் நகக் கண்களில் போகாத சாயம் இருந்தது. அவள் கட்டை விரலில் ஊசி ஏறிய பழைய தழும்பை அவன் தடவிப் பார்த்தான். அவன் கை கதகதப்பாக இருந்தது. ஆசை என்று ஒன்றும் கிளம்பி வரவில்லை. ஆனால் இருபது நிமிஷம் ஆகிவிட்டது என்று கடிகாரம் காட்டியபோது இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. அன்றைக்கு அவன் உள்ளேதான் படுத்தான். வேறொன்றும் நடக்கவில்லை, குறட்டை மட்டும் நடந்தது. அது இத்தனை சத்தமாக இருக்கும் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். ஜெயசீலி கேட்கவில்லை. கேட்க வேண்டியதை நேற்றே கேட்டாயிற்று, இனி முடிவு அவனுடையது. லைனில் காலையிலிருந்து அவள் யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்து நூற்றிருபது பேரும் பயந்து போய், வழக்கத்தைவிட வேகமாகத் தைத்தார்கள்.

பதினொன்றே காலுக்குச் சூப்பர்வைசர் மேஜையில் போன் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தாள்.

"ஜெயா. நான்தான்." ரிச்சர்ட் தான் வேலை பார்க்கும் தோல் ஷாப்பு ஆபீசிலிருந்து பேசினான். "பாய்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

ஜெயசீலி மற்ற காதை இன்னும் அழுத்திப் பொத்தினாள்.

"இன்னா காரணம் சொன்னீங்க?"

"எனக்கு வீட்லயே இருக்கணும்னு இருக்குதுன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. சிரிச்சா சிரிக்கட்டும்."  பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருப்பவன் போலச் சொன்னான். "காலைலேருந்து ஒரு ஷேடும் புடிபடல. உன் கை ஞாபகமாவே இருக்குது."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். தொண்டைக்குள்ளேயே சிரிக்கிற சிரிப்பு, ஆராதனை முடிந்து வேகவேகமாக நடந்து வந்த காலத்துச் சிரிப்பு. அது போன் வழியாக அவள் காதில் இறங்கி, கழுத்தில் இறங்கி, வயிற்றுக்குக் கீழே போய் நின்றது. ஜெயசீலி அப்படியே நின்றாள். எதிரே நூற்றிருபது மெஷின்கள், ரப்பர் பசை நாற்றம், டார்கெட் எழுதிய போர்டு. இந்த இடத்தில், இந்த நேரத்தில், கேட்டுக் கேட்டும் வராதது வந்து நின்றது. இதுதானா என்று அவள் சந்தேகப்படவே இல்லை. தெரிந்த ஆள்தான், மூன்று வருஷம் ஊரில் இல்லாமல் இருந்தது.

"உங்க ஷாப்புல அரை நாள் லீவு கேளுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"கேளுங்கன்னா கேளுங்க."

போனை வைத்துவிட்டு, லைனை மஹ்பூபியிடம் ஒப்படைத்தாள். மஹ்பூபி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் "போ போ" என்று முதுகில் தள்ளினாள். ஜெயசீலி பெர்மிஷன் சீட்டை எழுதிக்கொண்டு மேனேஜர் செந்தில்குமாரின் அறைக்குப் போனாள். அவர் சீட்டைப் பார்த்தார், காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் பாதி ஷிஃப்டில் கிளம்பிப் போகாத ஆள். அவர் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

"இன்னா மேடம், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லா இருக்குது சார்," என்றாள் ஜெயசீலி. "அதான் போறேன்."